ஆச்சரியக்குறி

ஞாயிறு காலை ஏழே கால்.
புக்கிட் பாத்தோக், பல்லடுக்குக் கார் நிறுத்தத்தின் உச்சித் தளம்.
கூரையைப் பின்னால் மடித்துவிட்டு
இருக்கையில் கால், மிதிகளின் அடியில் தலை என்று
என்னை நானே சொருகிக்கொண்டேன்.
எதிர் புளோக்கில் துணி காயப்போடுகிறவர்களுக்கு
ஒரு சிவப்புக் காரும்
அதில் முளைத்த இரண்டு கெண்டைக்கால்களும்
தெரிந்திருக்கும்.

வாரத்தில் ஐந்து நாள்
மற்றவர்களைக் குழாய்க்குள் தள்ளி
'அசையாதீர்கள்' என்று ஒலிவாங்கியில் சொல்பவள் நான்.
ஸ்கேன் அறைக்குள் அவர்கள் எதைப் பார்த்தபடி கிடக்கிறார்கள் என்று
இன்றுதான் தெரிகிறது:
மூக்குக்கு மேல் ஒரு ஜாண் இருட்டு.

வண்டிக்குப் பத்தொன்பது மாதம் ஆயுள்.
சிஓஇ தாளில் தேதியே போட்டிருக்கிறது.
'சாகப் போற வண்டிக்கு
இருநூத்து நாப்பது வெள்ளியில கொலுசா?'
என்றாள் அக்கா குமுதினி.
ஆமாம், கொலுசு.
மூன்று அலுமினியத் தகடுகள், கறுப்பு ரப்பர்க் குமிழ்கள்,
ஜப்பானிய மொழியில் ஒரு தாள்.
எனக்குப் புரிந்தவை படங்களும் ஓர் ஆச்சரியக்குறியும்.
ஆச்சரியக்குறி
பிரேக்குக்குப் பக்கத்தில் இருந்தது.

முதலில் கிளட்ச்.
சுட்ட கத்தரிக்காய்த் தோல்போலக் கழன்றுவரும் என்று நினைத்தேன்.
நகம்தான் வந்தது.
கையில் எடுத்துப் பார்த்தால், பழைய ரப்பரின்
இடது ஓரம் மட்டும் வழுவழு.
பிரேக்கில் வலது ஓரம்.
முன்பு ஓட்டியவர் பாதங்களைச் சாய்த்து வைப்பவர்.
கைமாற்றிய தாளில் பெயர் இருந்தது, லிம் என்று ஏதோ.
முகம் மறந்துவிட்டது.
ஆக்ஸிலரேட்டரில் மட்டும் கோடுகள் அப்படியே,
நேற்று வாங்கினாற்போல.
எட்டு வருடம்!
நூற்றெண்பது குதிரைகளையும்
பிஐஇ நெரிசலில் நிற்கவைத்துப்
புல் காட்டியிருக்கிறார் மனிதர்.

நான் மட்டும் என்ன.
ஒரு விடியலில் துவாஸிலிருந்து சாங்கிக்கு விரட்டினேன்.
முப்பத்தெட்டு நிமிடத்தில்
நாடு முடிந்துவிட்டது.

பிரேக்குக்குக் கவ்வி மாட்டும்போது நட்டு நழுவியது.
கதவிடுக்கு, சிமெண்டுத் தரை, சரிவுப்பாதை:
ஒவ்வொன்றிலும் ஒரு சத்தம்.
நான் வெளியே வருவதற்குள்
ஐந்தாம் தளத்தில் ஒரு துடைப்பம் அதை நிறுத்தியிருந்தது.
'அக்கா, இதுவா?'
ரஃபிகுல். குல்னாக்காரன்.
கட்டுமானத் தளத்தில் பொறுக்கிய தமிழ்.
நட்டைக் கொடுத்தவன் போகவில்லை.
ஊரில் டெம்போ ஓட்டியவனாம்;
கிளட்ச் கம்பி அறுந்தும்
காதால் கேட்டே கியர் மாற்றி
நாற்பது மைல் வந்தவனாம்.
நான் முடுக்கி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு
குனிந்து, உள்ளங்கையால் மூன்றையும் அழுத்தினான்.
முதலாவது, சரி. மூன்றாவது, சரி.
நடுவிலது மறுபடி. மறுபடி.
'ஆடுது.'

ஆடவில்லை என்றேன்.
அவன் கட்டைவிரலை ஓரத்தில் வைத்துத் தள்ளினான்.
ஒரு மயிரிழை.
மயிரிழைதான்.
மருத்துவமனையில் அந்த அளவு நிழல் தெரிந்தால்
மருத்துவரைக் கூப்பிடுவேன்.

மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டினேன்.
வெயில் ஏறி, கெண்டைக்கால்கள் சிவந்து,
எதிர் புளோக்கின் துணிகளும் காய்ந்திருக்கும்.
அது ஆடியது.
கடைசியில் தகட்டை உறையில் போட்டு
பழைய ரப்பரையே
இழுத்து, சபித்து, மாட்டினேன்.
ரஃபிகுல் அழுத்திப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு
நான்காம் தளத்துக்கு இறங்கினான்.

இரண்டு வெள்ளிப் பல், நடுவே ஒரு சொத்தை.
குமுதினிக்குப் படம் அனுப்பப் போவதில்லை.

சுழல்பாதையில் மெல்ல இறக்கி
வாசல் தடுப்பின் முன் நிறுத்தினேன்.
காலணிக்குள்
என் வலது பாதம்
கொஞ்சம் சாய்ந்து
வழுவழுப்பான அந்த ஓரத்தில்
உட்கார்ந்திருந்தது.
தடுப்பு எழுந்தது.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.